2008 மந்தநிலையில் எந்த அமெரிக்க ஊர்கள் தாக்குப்பிடித்தன?

கேள்வி, 13 மார்ச் 2023

சான் ஹோசேயில் இருக்கிறேன், எச்1பி வேலை விசாவில். வெள்ளிக்கிழமை சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியதிலிருந்து ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை. எங்கள் கம்பெனியில் ஜனவரியிலேயே ஒரு சுற்று ஆள்குறைப்பு முடிந்துவிட்டது. 2008-ல் இங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள், அப்போது எந்த ஊர்கள் தாங்கின? டெக்சாஸ் அடியே வாங்கவில்லை என்கிறார்கள். பேசாமல் டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் வீடு வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று மனைவி கேட்கிறார்.

13 மார்ச் 2023, இரவு

அதிகாரபூர்வக் கணக்கில் அந்த ரெசஷன் டிசம்பர் 2007-ல் தொடங்கி ஜூன் 2009-ல் முடிந்தது. முடிந்ததாம். வேலையின்மை விகிதம் 10% என்ற உச்சத்தைத் தொட்டதே அக்டோபர் 2009-ல்தான். முடிந்துவிட்டது என்று பொருளாதார ஆய்வாளர் குழு அறிவித்தது செப்டம்பர் 2010-ல். எந்த மாதத்தில் நின்று பார்க்கிறீர்களோ அதைப் பொறுத்து "தாங்கிய ஊர்" மாறும்.

பட்டியல்தான் வேண்டும் என்றால், அப்போது ப்ரூக்கிங்ஸ் நிறுவனம் நாட்டின் 100 பெரிய நகரப் பகுதிகளை வேலை, வேலையின்மை, உற்பத்தி, வீட்டு விலை என்று பார்த்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தது. மேல்வரிசையில் சான் அன்டோனியோ, ஆஸ்டின், ஓக்லஹோமா சிட்டி, டல்சா, டல்லாஸ், ஹூஸ்டன், லிட்டில் ராக், பேட்டன் ரூஜ், ஓமாஹா. கீழ்வரிசையில் லாஸ் வேகஸ், ஃபீனிக்ஸ், ரிவர்சைடு, ஸ்டாக்டன், ஃப்ரெஸ்னோ, கேப் கோரல், டெட்ராய்ட். தாங்கியவை பெரும்பாலும் நாட்டின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் ஒரு பட்டையில் இருந்தன. கவிழ்ந்தவை வெயில் அடிக்கும், புது வீடு கட்டும் ஊர்கள். டெட்ராய்ட்டின் கதை கார்.

நான் அந்தச் சமயம் ஃபீனிக்ஸ் பக்கம், சாண்ட்லரில். அதைத் தனியாக எழுதுகிறேன்.

14 மார்ச் 2023

"டெக்சாஸ் அடியே வாங்கவில்லை" என்பதை முதலில் எடுத்துவிடுவோம். வாங்கியது. ஹூஸ்டனை செப்டம்பர் 2008-ல் ஐக் புயல் புரட்டிப் போட்டது. ஜூலையில் பீப்பாய் 147 டாலருக்குப் போன கச்சா எண்ணெய் டிசம்பரில் 40-க்கும் கீழே இறங்கியது. 2009 முழுக்க அங்கே வேலைகள் குறைந்தன. ஆனால் நாட்டுக்குப் பின்னால் விழுந்து நாட்டுக்கு முன்னால் எழுந்தது. 2011 முடிவதற்குள் இழந்த வேலைகளை ஹூஸ்டன் மீட்டுவிட்டது. நாடு மொத்தமும் அந்த இடத்துக்கு வர 2014 ஆயிற்று.

இன்னொன்று வீடு. 2000-ம் ஆண்டு விலையை 100 என்று வைத்துக்கொண்டால் 2006 உச்சத்தில் ஃபீனிக்ஸ் 227-க்குப் போனது. டல்லாஸ் 125-ஐ ஒட்டி நின்றது. பிறகு ஃபீனிக்ஸ் பாதிக்கும் மேல் சரிந்தது, லாஸ் வேகஸ் சுமார் 60%. டல்லாஸ் பத்து, பதினொரு சதவீதம். ஏறாதது எப்படி இறங்கும்?

14 மார்ச், சாப்பாட்டு நேரம்

ஏன் ஏறவில்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிலம் கொட்டிக் கிடக்கிறது, அனுமதி சுலபம், சொத்து வரி பலமாக இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு. டெக்சாஸ் அரசியல் சட்டம் குடியிருக்கும் வீட்டைக் கடன்காரனிடமிருந்து 19-ம் நூற்றாண்டிலிருந்தே காப்பாற்றி வருகிறது. வீட்டு மதிப்பைக் காட்டி ரொக்கக் கடன் வாங்குவதே அங்கே 1998 வரை கிடையாது. 1997 நவம்பரில் மக்கள் ஓட்டுப்போட்டு அனுமதித்தபோதும் ஒரு கடிவாளம் போட்டார்கள்: பழைய கடனும் புதுக் கடனும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 80%-ஐத் தாண்டக் கூடாது.

கலிஃபோர்னியாவிலும் அரிசோனாவிலும் வீட்டை ஏ.டி.எம். மாதிரி உருவிக்கொண்டிருந்த ஆண்டுகளில் டெக்சாஸ்காரரால் அந்தக் கடைசி 20%-ஐ உருவவே முடியவில்லை. விலை பத்து சதவீதம் இறங்கியபோது பெரும்பாலானவர்களுக்குக் கடன் வீட்டு மதிப்பைத் தாண்டவில்லை. கட்டுப்பாடே ஆகாது என்று சொல்லும் மாநிலம், கட்டுப்பாட்டால் தப்பித்தது. இதை ஒரு டெக்சாஸ் நண்பரிடம் சொன்னால் பேச்சை பார்பிக்யூவுக்கு மாற்றிவிடுவார்.

15 மார்ச் 2023

சாண்ட்லர் கதை.

நான் வாடகைக்குத்தான் இருந்தேன், அதனால் வீட்டு விலை என்னைத் தொடாது என்று நினைப்பு. வீட்டுக்காரர் கலிஃபோர்னியாவில் இருந்தார், அரிசோனாவில் நாலைந்து வீடு வாங்கிப் போட்டிருந்தார். மாதம் தவறாமல் செக் அனுப்புவேன், அவரும் தவறாமல் போட்டுக்கொள்வார். ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தால் கதவில் நீல டேப்பில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "டிரஸ்டி சேல்" அறிவிப்பு. அரிசோனாவில் வீட்டை ஏலம் விடக் கோர்ட் வழக்கு தேவையில்லை. அறிவிப்பைப் பதிவுசெய்துவிட்டு 90 நாள் பொறுத்தால் போதும். நான் கொடுத்த வாடகையை வாங்கி அவர் வங்கிக்குக் கட்டவே இல்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. அட்வான்ஸ் போனது போனதுதான்.

வாடகைக்காரரை உடனே கிளப்பக் கூடாது, 90 நாள் அவகாசமாவது தர வேண்டும் என்று மத்திய அரசு சட்டம் போட்டது மே 2009-ல். நான் அதற்குள் பெட்டி கட்டிவிட்டேன்.

அந்தத் தெருவில் அப்போது கண்ணில் பட்டவை: கதவுக் கைப்பிடியில் தொங்கும் சாவிப்பெட்டி. வாசலில் சேர்ந்துகொண்டே போகும் பீட்சாக் கடை விளம்பரத் தாள்கள். கொல்லையில் நீச்சல் குளம் பாசி பிடித்து, பட்டாணி சூப் நிறத்தில். கொசு வருகிறது என்று கவுண்டி (மாவட்ட நிர்வாக) ஆட்கள் வந்து அதில் கொசுப்புழு தின்னும் மீனை விட்டுவிட்டுப் போவார்கள். பாலைவனத்தில், ஆளில்லாத வீட்டில், அரசாங்க மீன்.

ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் கையாலாகாதவர்கள் இல்லை. அங்கே சாதாரண வீட்டுக்கடனில் ஏலத்தொகை போதவில்லை என்றால் மீதிக்கு வங்கி உங்கள் சட்டையைப் பிடிக்க முடியாது. 3 லட்சம் கடன், வீடு 1.4 லட்சம் என்றால் கணக்குத் தெரிந்தவர்கள் சாவியைத் தபாலில் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

15 மார்ச், பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் ஃபீனிக்ஸில் எல்லோரும் வீதிக்கு வந்துவிட்டதுபோல் இருக்கிறது. அதே சாண்ட்லரில் சிப் ஆலையில் இருந்த நண்பர்கள் பலர் வேலை போகாமல் இருந்து, 2011-ல் அதே தெருவில் பாதி விலைக்கு வீடு வாங்கினார்கள். விழுந்த ஊரில் வேலையோடு நின்றவருக்கு அது யோகம். தாங்கிய ஊரில் வேலை போனவருக்கு அந்த ஊர் தாங்கி என்ன பயன்? கேள்வி கேட்டவர் இதை மட்டும் கொஞ்சம் யோசிக்கவும், திரும்ப வருவேன்.

17 மார்ச் 2023

என் கான்ட்ராக்ட் 2008 கடைசியில் முடிந்தது. கன்சல்டிங் கம்பெனி (பெயர் வேண்டாம்) பெஞ்சில் உட்கார வைத்து, சம்பளம் தராமல், "இந்த வாரம் வந்துவிடும்" என்றே ஓட்டியது. பே-ஸ்டப் (சம்பளச் சீட்டு) இல்லாமல் எச்1பி எப்படி நிற்கும் என்று ராத்திரி தூக்கம் வராது. அப்புறம் ஒரு போன். இன்ஷூரன்ஸ் கிளையன்ட், ஓமாஹா. எந்த மாநிலம் என்று கூகுளில் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன்.

போய் இறங்கியதும் முதலில் புரியாதது, ஆபீசில் யாரும் பயப்படவில்லை. ஃபீனிக்ஸில் காபி இடைவேளையில் யார் வேலை போனது, எந்த பில்டர் திவால் என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஓமாஹாவில் காலேஜ் பேஸ்பால் பேசினார்கள். ஜூன் மாதம் அந்த ஊரில் நடக்கும் போட்டிக்காகப் புது ஸ்டேடியமே கட்டிக்கொண்டிருந்தார்கள், 2009-ல். பக்கத்து சீட்டுக்காரருக்குக் குடும்ப நிலம் உண்டு, தம்பி சோளம் போடுகிறார். சோள விலையும் எத்தனாலும்தான் அவர் கவலை. வீட்டு விலை பற்றிக் கேட்டேன். அப்பா காலத்தில் வாங்கியது, எவ்வளவு போகும் என்று பார்த்ததில்லை என்றார்.

ஓமாஹா இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தின் வேலையின்மை அந்த மொத்தக் காலத்திலும் 5%-ஐத் தாண்டவில்லை. யூனியன் பசிபிக் ரயில்வே, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், உணவு பதப்படுத்துதல், பக்கத்திலேயே ஆஃபட் விமானப்படைத் தளம், மருத்துவமனைகள். பளபளப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊரின் பெரிய பணக்காரர் வாரன் பஃபெட்டே 1958-ல் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டில் இருக்கிறார்.

குளிரைப் பற்றி எழுதினால் இழை திசைமாறும். 2009 கிறிஸ்துமஸ் பனியில் காரைத் தேடிக் கண்டுபிடித்தோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

18 மார்ச் 2023

வடக்கு டகோட்டாவை விட்டுவிட்டேனாம். சரி. ரெசஷன் உச்சத்திலும் அங்கே வேலையின்மை 4%-ஐச் சுற்றியே இருந்தது. பாக்கன் எண்ணெய் வயல், கோதுமை, அரசுக்கே சொந்தமாக ஒரு வங்கி (1919-லிருந்து நடக்கிறது, வேறு எந்த மாநிலத்திலும் அப்படி இல்லை). ஃபார்கோ நகரத்தின் அன்றைய தலைவலி வேலை இல்லை, வெள்ளம். மார்ச் 2009-ல் ரெட் ஆறு 40 அடிக்கு மேல் ஏறி, பள்ளிப் பிள்ளைகள் முதல் பேராசிரியர்கள் வரை உள்விளையாட்டு அரங்கில் உட்கார்ந்து மணல்மூட்டை கட்டினார்கள்.

மேற்கே வில்லிஸ்டன். வேலை தேடி நாலாபுறமிருந்தும் வந்தவர்கள் வால்மார்ட் வாகன நிறுத்தத்தில் வண்டிக்குள் தூங்கினார்கள். வேலை இருந்தது, படுக்க இடம் இல்லை. ஒரு கட்டத்தில் ஒற்றைப் படுக்கையறை வீட்டு வாடகை மாதம் 2,000 டாலரைத் தாண்டியது. 2014 கடைசியில் எண்ணெய் விலை சரிந்ததும் அதே ஊரில் புது அபார்ட்மென்ட்கள் காலியாக நின்றன. அதை "தாங்கிய ஊர்" என்பதா, முறை மாற்றி அடி வாங்கிய ஊர் என்பதா?

21 மார்ச் 2023

பிட்ஸ்பர்க் பற்றிக் கேட்ட நண்பருக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், எனக்குப் பிடித்த உதாரணம்.

செப்டம்பர் 2009-ல் உலகமே தத்தளிக்கும்போது ஒபாமா ஜி20 மாநாட்டை அங்கே வைத்தார். பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள், பிட்ஸ்பர்கா என்று. ஆனால் அந்த நேரத்தில் அதன் வேலையின்மை நாட்டுச் சராசரிக்குக் கீழே இருந்தது, வீட்டு விலை அசையவில்லை. எஃகு நகரம் எப்போது மருத்துவமனை நகரமானது என்று யாரும் கவனித்திருக்கவில்லை. 64 மாடி யு.எஸ். ஸ்டீல் கட்டடத்தின் உச்சியில் 2008-ல் யு.பி.எம்.சி. என்ற மருத்துவமனைக் குழுமத்தின் எழுத்துகள் ஏறின. எஃகுக் கம்பெனி கீழே குடித்தனக்காரராக இருந்தது. பல்கலைக்கழகம், மருத்துவமனை, இவை இரண்டும் ரெசஷனில் ஆளை அவ்வளவாகக் குறைப்பதில்லை. வேலை போனவன் படிக்கப் போவான், நோய் வந்தவன் ரெசஷன் பார்த்துக் காத்திருக்க மாட்டான்.

இதுவரை எல்லோரும் சொல்வது. அதற்குக் கீழே ஒன்று இருக்கிறது. பிட்ஸ்பர்க் தன் ரெசஷனை 1980-களிலேயே பட்டு முடித்துவிட்டது. ஜனவரி 1983-ல் அந்தப் பகுதியின் வேலையின்மை 17%-ஐ ஒட்டி இருந்தது. உலைகள் மூடின, இளைஞர்கள் மூட்டை கட்டினார்கள். 1950-ல் 6.76 லட்சம் பேர் இருந்த நகரில் 2010-ல் 3.05 லட்சம்தான். 2009-ல் வேலை இழந்து வரிசையில் நின்றிருக்க வேண்டிய ஒரு தலைமுறையே அந்த ஊரில் இல்லை, அவர்கள் பிள்ளைகளும் இல்லை. வேலையின்மை விகிதம் என்பது மிச்சம் இருப்பவர்களில் எத்தனை பேர் வேலை தேடுகிறார்கள் என்ற கணக்கு மட்டும்தான். போனவர்கள் வேறு ஊர்க் கணக்கில் வருவார்கள்.

பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலுக்கு 1970-களில் அடித்தளம் போட்ட தலைமுறையில் டாக்டர்களும் இன்ஜினியர்களும் நிறைய. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும், அவர்களில் உலையை நம்பி வந்தவருக்கும் ஆஸ்பத்திரியை நம்பி வந்தவருக்கும் 1983 ஒரே ஆண்டாக இருந்திருக்காது.

22 மார்ச் 2023

பிட்ஸ்பர்க்கிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் கிளம்பியவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் தெற்கே. 1981, 82-ல் ஹூஸ்டனில் மிஷிகன் வண்டிகள் குவிந்தன. அப்போது மிஷிகன் நம்பர் பிளேட் கறுப்பு, அதனால் உள்ளூர்க்காரர்கள் வந்தவர்களையே "கறுப்பு பிளேட்காரர்கள்" என்றார்கள். ஹூஸ்டன் பத்திரிகையின் ஞாயிறு இதழ் வேலை விளம்பரத்துக்காக டெட்ராய்ட்டில் விற்றது.

அடுத்து நடந்ததுதான் விஷயம். 1986-ல் எண்ணெய் பத்து டாலரை ஒட்டிச் சரிந்தது. 1982 முதல் 87 வரை ஹூஸ்டன் பகுதியில் 2 லட்சத்துக்கும் மேல் வேலைகள் போயின. டெக்சாஸின் பத்துப் பெரிய வங்கிகளில் ஒன்பது கைமாறின அல்லது கவிழ்ந்தன. "கடவுளே, இன்னொரு எண்ணெய்க் காலம் மட்டும் கொடு, இந்த முறை வீணடிக்க மாட்டேன்" என்ற பொருளில் கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். தாங்கும் ஊர் என்று பார்த்துப் போன மிஷிகன்காரர்களில் எத்தனை பேர் இரண்டு முறை வேலை இழந்தார்களோ.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்கள். 2005-ல் மியாமியும் ஃபீனிக்ஸும் வீட்டு விலையை வைத்துச் சூதாடியபோது டெக்சாஸ், ஓக்லஹோமா வங்கிக்காரர்கள் ஒதுங்கி நின்றதற்கு 86-ன் தழும்பும் ஒரு காரணம். 80% சட்டம் மட்டும் இல்லை.

22 மார்ச், மீண்டும்

ஓக்லஹோமா சிட்டியைச் சேர்க்காமல் விட முடியாது. ஜூலை 1982-ல் அங்கே ஷாப்பிங் மாலில் இருந்த பென் ஸ்கொயர் என்ற சின்ன வங்கி மூழ்கியது. எண்ணெய்க் கடன்களை எழுதி எழுதிப் பெரிய வங்கிகளின் தலையில் கட்டியிருந்தது. சிகாகோவின் கான்டினென்டல் இல்லினாய் 1984-ல் விழுந்ததற்கு விதை அதுதான். சியாட்டிலின் ஸீஃபர்ஸ்ட் வங்கியும் அதனால்தான் விற்கப்பட்டது.

அந்த அடியிலிருந்து எழவே பத்தாண்டு ஆயிற்று. 1993-ல் ஒரு சென்ட் விற்பனை வரி போட்டு, அந்தப் பணத்தில் கடன் வாங்காமல் ஊரைச் சீரமைத்தார்கள். கால்வாய், பேஸ்பால் அரங்கு, நூலகம். டிசம்பர் 2009-ல், நாடு முழுக்க நகராட்சிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த மாதத்தில், 77.7 கோடி டாலர் மதிப்பில் மூன்றாவது சுற்றுக்கு ஓட்டுப்போட்டார்கள். டெவன் என்ற எண்ணெய், எரிவாயு நிறுவனத்தின் 50 மாடிக் கட்டடம் கிளம்பியதும் அதே இலையுதிர் காலம்.

கூடைப்பந்து அணி வேறு. சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் 2008-ல் ஓக்லஹோமா சிட்டிக்குப் போய் தண்டர் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் சியாட்டிலின் வாஷிங்டன் மியூச்சுவல் விழுந்தது, அமெரிக்க வரலாற்றிலேயே மிகப்பெரிய வங்கித் தோல்வி. ஸீஃபர்ஸ்ட் வங்கியை இந்த ஊரால் இழந்தார்கள், பந்தை இந்த ஊரிடம் இழந்தார்கள். சியாட்டில் நண்பரிடம் ஓக்லஹோமா என்று சொல்லிப் பாருங்கள்.

27 மார்ச் 2023

நியூயார்க்: லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி விழுந்த ஊர், ஆனால் எதிர்பார்த்த அளவு வேலைகள் போகவில்லை, நாட்டுக்கு முன்பே மீண்டுவிட்டது. வங்கிகளுக்கான 70,000 கோடி டாலர் அரசு மீட்புத் திட்டத்துக்கு எந்த ஊரில் அதிக நன்றி உண்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதே வங்கித் தொழில்தான் ஷார்லட்டிலும். அங்கே வக்கோவியா வங்கி கைமாறியது, வேலையின்மை 11%-ஐத் தாண்டியது. என் கோபம் இதில் தெரிகிறது, தெரியட்டும்.

எல்கார்ட், இந்தியானா: ஊரே கேம்பர் வண்டி (சக்கரத்தில் ஓடும் வீடு) தயாரிக்கிறது. 2009 மார்ச்சில் வேலையின்மை 20%-ஐ நெருங்கியது. 2018-ல் 2% சொச்சம். பத்து ஆண்டில் அதே ஊர் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்தது. செய்யும் தொழில் மாறவே இல்லை.

2 ஏப்ரல் 2023

இப்போது கேள்வி கேட்டவருக்கு நேராக.

பட்டியல்கள் ஊரை அளக்கின்றன. நீங்கள் அளக்க வேண்டியது, அந்த ஊரில் வேலை போனால் உங்களுக்கு அடுத்த வேலை எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை. எங்கள் காலத்தில் எச்1பிக்கு அவகாசம் என்று எழுத்தில் ஒன்றும் கிடையாது. 2017 ஜனவரியிலிருந்து 60 நாள் உண்டு. அந்த 60 நாளுக்குள் புது மனு போக வேண்டும்.

இப்படிப் பார்த்தால் என் செல்ல ஓமாஹா அடிபட்டுப் போகிறது. வேலையின்மை மிகக் குறைவு, உண்மை. ஆனால் என் வேலையைத் தரும் கம்பெனிகள் ஒரு கை விரலில் அடங்கும். அங்கே புராஜெக்ட் முடிந்தபோது அடுத்த வாய்ப்பு டெஸ் மாயினில் வந்தது, ஐ-80 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம், அதுவும் இன்ஷூரன்ஸ்தான். காற்று அடிக்காத ஊர், ஆனால் ஒதுங்க மரமும் குறைவு. டல்லாஸ் ஓமாஹாவைவிடச் சற்று அதிகம் அடி வாங்கியிருக்கலாம். ஆனால் டெலிகாம், விமானம், வங்கி, ரீடெயில், மருத்துவம் என்று ஐந்தாறு தொழில்களின் ஐ.டி. வேலைகள் ஒரே இடத்தில். ஒன்று படுத்தாலும் அடுத்ததில் ஒட்டிக்கொள்ளலாம்.

சான் ஹோசேயை அதற்காக இளக்காரமாக எண்ண வேண்டாம். 2001-க்குப் பிறகு அந்தப் பகுதி கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு வேலையை இழந்தது, உண்மை. 2009-லும் வேலையின்மை 10%-க்கு மேல். ஆனாலும் உங்கள் தொழிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இத்தனை கதவு வேறு எந்த ஊரில் இருக்கிறது? கதவுகள் எல்லாம் ஒரே தொழில் என்பதுதான் சிக்கல், ஒரே நாளில் எல்லாம் சாத்திக்கொள்ளும்.

3 ஏப்ரல் 2023

இன்னொன்று, இதைப் பட்டியல் போடுகிறவர்கள் சொல்ல மாட்டார்கள். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி முதலில் போடும் பெர்ம் விண்ணப்பம் வேலை செய்யும் ஊரோடு கட்டப்பட்டது. ஊரை மாற்றினால் முதலிலிருந்து. அடுத்த கட்ட மனுவான ஐ-140 ஒப்புதல் ஆகியிருந்தால் முன்னுரிமைத் தேதியை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தை, கையோடு எடுத்துப் போகலாம், இல்லாவிட்டால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஆள்குறைப்பு செய்த கம்பெனிகள் பல இப்போது பெர்மையே நிறுத்தி வைத்திருக்கின்றன. "தாங்கும் ஊர்" என்று ஓடிப் போய் அங்கே புதிதாக பெர்ம் போட முடியாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

2008 ஏப்ரலில் எச்1பி மனுக்கள் முதல் வாரத்திலேயே ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் வந்தன. 2009-ல் அதே ஆண்டு ஒதுக்கீடு நிரம்ப டிசம்பர் ஆயிற்று. மீட்புப் பணம் வாங்கிய வங்கிகளுக்கு எச்1பி ஆள் எடுக்கத் தனிக் கட்டுப்பாடும் வந்தது. அந்த ஆண்டு நமக்கு எந்த ஊரும் நல்ல ஊர் இல்லை.

4 ஏப்ரல் 2023

ஃப்ரிஸ்கோ வீடு. உங்கள் மனைவிக்கு இதை மட்டும் காட்டுங்கள். 2008-ல் டல்லாஸைக் காப்பாற்றியது மலிவு விலை. 2000 முதல் 2006 வரை மொத்தமே 25% ஏறியிருந்தது. இப்போது 2020 தொடக்கத்திலிருந்து 2022 நடுவுக்குள் மட்டும் 50%-க்கு மேல் ஏறியிருக்கிறது. 80% வரம்பு இன்றும் இருக்கிறது, நல்லது. ஆனால் மலிவு என்ற கவசம் கழன்றுவிட்டது. ஆஸ்டினைப் பாருங்கள், 2009 பட்டியலில் உச்சியில் இருந்தது, 2022 கோடையிலிருந்து வீட்டு விலை வேகமாக இறங்கும் ஊர்களில் முன்வரிசை.

சொத்து வரி வீட்டு மதிப்பில் 2% அளவு வரும். கலிஃபோர்னியா கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மாதத் தவணை போட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வேலை போனாலும் அந்த வரி போகாது.

20 ஏப்ரல் 2023

2020-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று ஒருவர். பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்த ரெசஷன் அது, இரண்டே மாதம். லாஸ் வேகஸில் ஏப்ரல் 2020 வேலையின்மை 30%-ஐத் தாண்டியது. 2008-ல் வீடு கவிழ்த்தது, இந்த முறை சூதாட்ட மேசையைச் சுற்றி ஆள் உட்கார முடியாததே கவிழ்த்துவிட்டது. ஃபீனிக்ஸ்? சராசரியைவிட நன்றாகவே நின்றது, வீட்டு விலை ராக்கெட். பழைய தெருவை மேப்பில் தேடினேன். நான் இருந்த வீட்டின் மதிப்பைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டேன்.

9 ஜூன் 2025

இழையை யாரோ மேலே இழுத்திருக்கிறார்கள், "வாஷிங்டன் டி.சி. ஏன் இல்லை" என்று. 2023-ல் கேட்டிருந்தால் டி.சி.யை முதலிடத்தில் வைத்திருப்பேன். 2009-ல் அந்தப் பகுதியின் வேலையின்மை 7%-ஐ ஒட்டித்தான் போனது. அரசு வேலை, அரசு கான்ட்ராக்ட், ரெசஷன் வந்தால் அரசு இன்னும் செலவு செய்யும். அப்போதும் அது எல்லோருக்கும் இல்லை. அனகோஸ்டியா ஆற்றுக்கு அந்தப் பக்கம் 8-வது வார்டில் வேலையின்மை 20%-க்கு மேல். வெளிப்புறத்தில் பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் ஏல வீடுகள் வரிசையாக.

ஜனவரி 2025 கடைசியில் ராஜினாமா செய்யச் சொல்லி மத்திய ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போனது. அதன்பின் ஏஜென்சி ஏஜென்சியாக வெட்டு, கான்ட்ராக்ட் ரத்து. இன்று டி.சி. நகரின் வேலையின்மை நாட்டிலேயே உயர்ந்தவற்றில் ஒன்று. ரெசஷன் என்று யாரும் அறிவிக்கக்கூட இல்லை. ரெஸ்டன் பக்கம் இருக்கும் நண்பர், பதினைந்து வருடம் அரசு கான்ட்ராக்டில் இருந்தவர், ரெஸ்யூமே எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டார். ஒரே முதலாளி, அவருக்கே மனம் மாறினால் ஊர் என்ன செய்யும்?

9 ஜூன், பிறகு

அலபாமாவின் ஹண்ட்ஸ்வில் பற்றி தனிச் செய்தியில் கேட்டவருக்கு, எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே. 2009-ல் நன்றாகத் தாங்கியது. ரெட்ஸ்டோன் ராணுவத் தளம், நாசாவின் மார்ஷல் மையம், 2005 ராணுவத் தள மறுசீரமைப்பில் வர்ஜீனியாவிலிருந்து இடம்மாறி வந்த ராணுவத் தலைமையகம். ஏவுகணைக்குப் பணம் குறைவதுபோல் தெரியவில்லை, நாசாவுக்கு அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் சேரப்போகும் கான்ட்ராக்ட் இரண்டில் எதன் பட்ஜெட்டில் வருகிறது என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. அந்த வேலைகளில் பலவற்றுக்குக் குடியுரிமை கேட்பார்கள், கிரீன் கார்டோடு போகிறீர்களா என்று எழுதவில்லையே? முதல் வருடம் வாடகை. வாடகை வீடு யார் பெயரில் இருக்கிறது, அதன்மேல் என்ன கடன் என்று கவுண்டி இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.